மக்காச்சோள நாட்டில் மல்யுத்தப் பெண்கள்

அமெரிக்கா போய் வந்தேன் என்று சொன்னதுமே, "நயாகரா பார்த்தீங்களா? சுதந்திர தேவி சிலை பார்த்தீங்களா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். இரண்டையும் பார்க்கவில்லை. பெண்ணின் பிரசவத்துக்காகப் போனவளுக்கு ஊர் சுற்ற ஏது பொழுது? 2023 அக்டோபரிலிருந்து 2024 மார்ச் வரை ஒரே ஊரில்தான் இருந்தேன். ஆனால் அந்த ஊரில் பார்த்த ஒரு விஷயத்தைப் பெண் குழந்தை வைத்திருக்கும் தாய்மார்கள் தெரிந்துகொண்டால் நல்லது என்று தோன்றியது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஊரின் பெயர் அயோவா சிட்டி. சிகாகோவில் விமானத்தை விட்டு இறங்கி, மேற்கே காரில் மூன்றரை, நாலு மணி நேரம் போக வேண்டும். வழியில் மிஸ்ஸிஸிப்பி நதியைத் தாண்டினதும் அயோவா மாநிலம் ஆரம்பம். அப்புறம் பார்த்த இடமெல்லாம் மக்காச்சோளம்தான்! நம் தஞ்சாவூர்ப் பக்கம் நெல்வயல் எப்படியோ, அப்படி. நான் போனது அறுவடைச் சமயம். காய்ந்து பழுப்பேறிக் கிடந்த பயிரை வீடு பெரிசுக்கு ஓர் இயந்திரம் ஒரு பக்கத்திலிருந்து விழுங்கிக்கொண்டே வந்தது. அமெரிக்காவிலேயே மக்காச்சோளம் அதிகமாக விளைவது இந்த மாநிலத்தில்தான்.

ஊருக்கு நடுவே அயோவா ஆறு ஓடுகிறது. கரை மேட்டில், பொன் முலாம் பூசிய குவிமாடத்தோடு பழைய சட்டசபைக் கட்டடம். 1857 வரை இதுதான் மாநிலத்தின் தலைநகரம். தலைநகரம் டி மாய்ன் நகருக்குப் போனபிறகு அந்தக் கட்டடம் பல்கலைக்கழகத்துக்கு வந்துவிட்டது. 2008ல் யுனெஸ்கோ இந்த ஊரை 'இலக்கிய நகரம்' என்று கௌரவித்திருக்கிறது. ஒரு வீதியின் நடைபாதையில் எழுத்தாளர்களின் வாசகங்களை வெண்கலத் தகடுகளில் பதித்து வைத்திருக்கிறார்கள். மிதித்துவிடக் கூடாதே என்று நான் ஒதுங்கி ஒதுங்கி நடக்க, என் பெண் ஒரே சிரிப்பு.

இவ்வளவு சாதுவான ஊர் ஜனங்களுக்குப் பித்து எதில் தெரியுமோ? குஸ்தியில்!

குஸ்திக்கு ஒரு கோயில்

நம் ஊரில் கிரிக்கெட் எப்படியோ, அயோவாவில் குஸ்தி அப்படி. அப்பா, பிள்ளை, பேரன் என்று பரம்பரையாகப் பழகுகிறார்கள். குளிர்காலத்தில் வயலில் வேலை இல்லை. வெளியே தலை காட்ட முடியாது. பள்ளிக்கூடத்துக் கூடத்தில் மெத்தையை விரித்துப் பையன்களைப் பழக்கிவிடுவார்கள்.

பல்கலைக்கழகத்தின் பெரிய அரங்கத்துக்கு கார்வர்-ஹாக்கை அரினா என்று பெயர். வாசலில் டேன் கேபிள் என்கிற குஸ்தி வீரரின் சிலை நிற்கிறது. 1972 மூனிக் ஒலிம்பிக்கில் எதிராளிக்கு ஒரு பாயிண்ட்கூடக் கொடுக்காமல் தங்கம் வாங்கியவர் அவர். பிறகு இங்கே பயிற்சியாளராக இருந்து, ஆண்கள் அணிக்கு 15 தேசிய சாம்பியன் பட்டங்கள் வாங்கிக் கொடுத்தார். 1983 ஜனவரியில் அந்த அரங்கம் திறந்தபோது அங்கே நடந்த முதல் நிகழ்ச்சியே குஸ்திதான்.

இந்தப் பெருமையெல்லாம் ஆண்களுக்கு. அதே வீட்டுப் பெண்களுக்கு? கைதட்டுவதும், கணக்கு எழுதுவதும், வியர்வைத் துணிகளைத் துவைப்பதும்தான். ஆசைப்பட்டு மெத்தையில் இறங்கின பெண்களுக்குத் தனிப் போட்டி கிடையாது. பையன்களோடுதான் மோத வேண்டும். 2011ல் மாநிலப் பள்ளிப் போட்டிக்கு முதன்முதலாக இரண்டு பெண்கள் தகுதி பெற்றார்கள். அதில் ஒருத்தியோடு மோத வேண்டிய பையன், பெண்ணோடு குஸ்தி போடுவது தன் மத நம்பிக்கைக்குச் சரியில்லை என்று ஒதுங்கிக்கொண்டான். நடுவர் அந்தப் பெண்ணின் கையைத் தூக்கி ஜெயித்ததாக அறிவித்தார். பையனைக் குறை சொல்வதற்கில்லை. அவன் மனசாட்சி அவனுக்கு. ஆனால் அத்தனை வருஷம் பழகி, அவ்வளவு தூரம் வந்த பெண், யாரையும் தொடாமலே ஜெயித்தாள் என்றால் அதில் என்ன சந்தோஷம் இருக்க முடியும்? அவளுக்கு வேண்டியிருந்தது சலுகையா? தனக்குச் சமமாக மோத இன்னொரு பெண், அவ்வளவுதானே!

நீந்துகிறவர்கள் போட்ட வழக்கு

கல்லூரியில் பெண்கள் அணி வந்த கதை சுவாரஸ்யமானது. 2020ல் கொரோனா வந்து வருமானம் குறைந்ததும், பல்கலைக்கழகம் நாலு விளையாட்டு அணிகளை நிறுத்துவதாக அறிவித்தது. அதில் பெண்கள் நீச்சலும் ஒன்று. நீச்சல் பெண்கள் அழுதுவிட்டு வீட்டுக்குப் போகவில்லை, கோர்ட்டுக்குப் போனார்கள்! கல்விக்கூடங்களில் பெண்களுக்குச் சம வாய்ப்புத் தர வேண்டும் என்று 1972லேயே அங்கே ஒரு சட்டம் வந்திருக்கிறது. 'டைட்டில் நைன்' என்பார்கள். அதைக் காட்டி வாதாடினார்கள். கோர்ட் தடை விதிக்க, பெண்கள் நீச்சல் அணி பிழைத்தது. 2021 செப்டம்பரில், பெண்களுக்குக் குஸ்தி அணியும் தொடங்கப்போவதாகப் பல்கலைக்கழகம் அறிவித்தது. வழக்கில் ஏற்பட்ட சமரசத்திலும் அது சேர்ந்தது.

பெரிய விளையாட்டுப் பல்கலைக்கழகங்களில் இதுதான் முதல். அதற்கு முன்பே சின்னக் கல்லூரிகள் துணிந்திருந்தன. மினசோட்டா மாநிலத்து மோரிஸ் என்கிற சிற்றூர்க் கல்லூரி 1990களிலேயே பெண்கள் அணி வைத்திருந்தது. ஆனால் குஸ்திக்குக் கோயில் மாதிரி இருக்கிற அயோவாவே கதவைத் திறந்தது என்றால் அதன் மதிப்பு வேறு அல்லவா?

கதவைத் திறந்தால் போதுமா? உள்ளே ஒரு குடித்தனம் நடத்த வேண்டுமே! 2021 நவம்பரில் அதற்கு ஒருவரை நியமித்தார்கள். கிளாரிஸா சுன் என்று பெயர்.

வெறும் வீட்டில் அடுப்பு மூட்டியவர்

ஹவாய்த் தீவுக்காரர். உயரம் ஏறக்குறைய ஐந்தடி. நம் வீட்டுப் பெண்கள் மாதிரிதான். சின்ன வயதில் ஜூடோ பழகியவர். பள்ளிப் பெண்களுக்கென்று மாநில அளவில் தனிக் குஸ்திப் போட்டியை அமெரிக்காவிலேயே முதலில் நடத்தியது ஹவாய்தான், 1998ல். அந்த முதல் போட்டியிலேயே தம் எடையில் பட்டம் வாங்கியவர் இவர். பிறகு மிஸ்ஸௌரி வேலி என்கிற சின்னக் கல்லூரியில் பெண்கள் குஸ்தி இருக்கிறது என்று அங்கே போய்ச் சேர்ந்தார். யோசித்துப் பாருங்கள், கடல் நடுவே இருக்கிற தீவிலிருந்து ஆயிரக்கணக்கான மைல் தாண்டி!

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெண்கலத்துக்கான மோதலில் உக்ரேன் நாட்டு இரினி மெர்லெனியிடம் தோற்றார். அதே வருஷம் டோக்கியோவில் உலக சாம்பியன் ஆனார். நாலு வருஷம் கழித்து லண்டன் ஒலிம்பிக்கில் மறுபடியும் அதே மெர்லெனி, மறுபடியும் வெண்கலத்துக்கான மோதல். இந்தத் தடவை சுன் ஜெயித்தார்.

இவர் அயோவா வந்தபோது அணி இல்லை, ஆட்டக்காரிகள் இல்லை, போட்டி அட்டவணை இல்லை. புதுக்குடித்தனம் வைக்கப்போகிறவள் முதலில் என்ன செய்வாள்? அடுப்பு, பாத்திரம், உப்பு, புளி என்று ஒவ்வொன்றாகச் சேர்ப்பாள் இல்லையா? அதே கதைதான். துணைக்கு கேரி மேயாப் என்கிற அனுபவசாலியையும், கனடாவுக்காக ஒலிம்பிக்கில் மூன்று பதக்கம் வாங்கிய டோனியா வெர்பீக்கையும் சேர்த்துக்கொண்டார். நாடு முழுவதும் பள்ளிகளில் பழகிக்கொண்டிருந்த பெண்களைத் தேடித் திரட்டினார். 2022 இலையுதிர் காலத்தில் முதல் கோஷ்டி வந்து சேர்ந்தது. உடனே அணியாகக் களத்தில் இறக்கவில்லை. ஒரு வருஷம் பழக்கி, தனித்தனியே போட்டிகளுக்கு அனுப்பிப் பதப்படுத்தினார். 2023 நவம்பரில்தான் கார்வர்-ஹாக்கையில் முதல் அணிப் போட்டி. அங்கேதான் நான் போனேன்.

பூமிக்குள் இறங்கினோம்

"அம்மா, ஞாயித்துக்கிழமை குஸ்தி பார்க்கப் போறோம், ரெடியா இரு" என்றாள் என் பெண்.

"ஏன்டி, ஏழு மாசத்தை வச்சுக்கிட்டு அடிதடி பார்க்கணுமா? வயித்துல இருக்கிற குழந்தைக்கு..."

"அத்தை, டாக்டர் நடக்கத்தான் சொல்லியிருக்கார்" என்று மாப்பிள்ளை குறுக்கே புகுந்தார். அப்புறம் நான் என்ன சொல்ல?

அந்த அரங்கத்தின் அமைப்பே விசித்திரம். வெளியிலிருந்து பார்த்தால் அவ்வளவு உயரம் தெரியாது. வாசலில் நுழைந்தால் நாம் நிற்பது மேல் விளிம்பு. ஆசனங்கள் எல்லாம் நமக்குக் கீழே படிப்படியாகப் பூமிக்குள் இறங்குகின்றன, கோயில் குளம் மாதிரி. நட்ட நடுவே, தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் மெத்தை.

அன்றைக்கு வந்த கூட்டம் 8,000 பேருக்கு மேல்! அமெரிக்காவில் பெண்கள் குஸ்தி அணிப் போட்டி ஒன்றுக்கு அதுவரை அப்படிக் கூட்டம் கூடியதில்லையாம். கறுப்பும் மஞ்சளும் உடுத்திய ஆண்கள், கைக்குழந்தையோடு தாய்மார்கள், எங்கே பார்த்தாலும் சின்னப் பெண்கள்.

என் பக்கத்து ஆசனத்தில் எழுபது வயதுப் பாட்டி ஒருத்தி, பத்து வயதுப் பேத்தியோடு. பண்ணைக்காரர்கள். அந்த அம்மாள் பேசிய இங்கிலீஷில் பாதி எனக்குப் புரிந்தது. மீதியை என் பெண் சொன்னாள். "எங்கப்பாவுக்குக் கைதட்டினேன். அண்ணனுக்குத் தட்டினேன். புருஷனுக்கு, ரெண்டு பிள்ளைகளுக்கு, எல்லாருக்கும் இந்தக் கைதான் தட்டிச்சு. பொண்ணுங்களுக்குத் தட்டறதுக்கு இன்னிக்குத்தான் வந்திருக்கேன்." சொல்லிவிட்டுப் பேத்தியின் சடையை இழுத்துச் சரிசெய்தாள். பேத்தி பள்ளிக்கூடத்தில் குஸ்தி பழகுகிறதாம்.

கீழே மெத்தை ஓரத்தில் ஒரு காட்சி. போட்டிக்குத் தயாராக வேண்டிய பெண் ஒருத்தி தரையில் உட்கார்ந்திருக்கிறாள். பின்னால் இன்னொருத்தி மண்டியிட்டு அவளுக்கு இறுக்கிச் சடை பின்னுகிறாள். முடி அவிழ்ந்து கண்ணில் விழுந்தால் ஆட்டம் கெட்டுவிடும் அல்லவா? கூடத்தில் வரிசையாக உட்கார்ந்து ஒருத்திக்கு ஒருத்தி தலைபின்னும் நம் வீட்டுக் கல்யாண நாள் ஞாபகம் எனக்கு வந்தது.

ஆட்டம் மூன்று நிமிஷமாக இரண்டு பகுதி. எதிராளியின் இரண்டு தோளையும் மெத்தையில் அழுத்திவிட்டால் அங்கேயே வெற்றி. இல்லையானால் பாயிண்ட் கணக்கு. பத்துப் பாயிண்ட் கூடுதலாகப் போய்விட்டால் ஆட்டத்தை நிறுத்திவிடுவார்கள். அடி, குத்து, முடியைப் பிடிப்பது எதற்கும் அனுமதி இல்லை. மெத்தை மூலையில் நாற்காலி போட்டுப் பயிற்சியாளர்கள். அதில் ஒரு சின்ன உருவம்தான் சுன். ஆட்டம் முடிந்து வருகிறவள் ஜெயித்திருந்தாலும் தோற்றிருந்தாலும் முதலில் அந்த மூலைக்குத்தான் வருகிறாள்.

அயோவாப் பெண்கள் அன்றைக்கு வெளுத்து வாங்கிவிட்டார்கள். ஏறி வரும்போதுதான் என் பெண்ணுக்கு மூச்சு வாங்கியது. பத்துப் படிக்கு ஒரு தரம் நின்று நின்று ஏறினோம்.

பத்து உடம்புக்கும் இடம்

எனக்கு மிகவும் பிடித்துப் போனது வேறொரு விஷயம். அந்த வருஷம் கல்லூரிப் போட்டியில் பத்து எடைப் பிரிவுகள். ஏறக்குறைய 46 கிலோவில் ஆரம்பித்து 87 கிலோ வரை. ஒவ்வொரு எடைக்கும் ஒருத்தி வேண்டும். 46 கிலோக்காரி ஜெயித்தாலும் 87 கிலோக்காரி ஜெயித்தாலும் அணிக்கு ஒரே மதிப்பு. குச்சி மாதிரி ஒருத்தி, தூண் மாதிரி ஒருத்தி. இரண்டு பேரும் இல்லாமல் அணி முழுமை ஆகாது.

நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? கொஞ்சம் பூசினாற்போல் இருந்தால் "குண்டு" என்கிறோம். மெலிந்திருந்தால் "ஊதினால் பறந்துடுவே" என்கிறோம். எந்த உடம்போடு இருந்தாலும் பெண்ணுக்கு ஒரு குறை! அங்கே 87 கிலோப் பெண் நிமிர்ந்து நடந்து வந்தபோது அந்த எண்ணாயிரம் பேரும் எழுந்து நின்று ஆரவாரித்தார்கள். அவள் நடையில் துளிக் கூச்சம் இல்லை.

ஆனால் எடைக்கு எடை என்கிற இந்த விளையாட்டுக்கு ஓர் ஆபத்தான முகமும் உண்டு. சின்ன எடையில் மோதினால் ஜெயிக்கலாம் என்று பட்டினி கிடந்து, தண்ணீர் குடிக்காமல் உடம்பை வற்ற அடிப்பது. 1997ல் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் மூன்று பேர், சில வாரங்களுக்குள்ளேயே, இப்படி எடை குறைக்கப் போய் உயிரையே விட்டார்கள். அதற்குப் பிறகுதான் விதிகளை இறுக்கினார்கள். ரப்பர் உடுப்பு மாட்டிக்கொண்டு வியர்ப்பது, வெந்நீராவி அறையில் உட்கார்வது எல்லாவற்றுக்கும் தடை. பருவம் ஆரம்பிக்கும்போதே ஒவ்வொருவருக்கும் குறைந்தபட்ச எடையை நிர்ணயித்துவிடுகிறார்கள். பள்ளிப் பெண்ணாக இருந்தால், உடம்பில் கொழுப்பு 12 சதவிகிதத்துக்குக் கீழே போகிற எடையில் மோத விடமாட்டார்கள். தண்ணீர் குடித்திருக்கிறாளா என்று சிறுநீரைப் பரிசோதித்த பிறகே எடை பார்க்கிறார்கள். வாரத்துக்கு உடல் எடையில் ஒன்றரை சதவிகிதத்துக்கு மேல் குறைக்கவும் கூடாது.

எடை எவ்வளவு கண்டிப்பு என்பது நமக்கே தெரியும். 2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கில், தங்கத்துக்கான மோதலுக்கு முன், வெறும் 100 கிராம் கூடுதல் என்று நம் வினேஷ் போகட் வெளியேற்றப்பட்டதை மறக்க முடியுமா?

குஸ்தி பழகாத பெண்ணுக்கும் இதில் பாடம் இருக்கிறது. வளரும் வயதில் சாப்பாட்டைக் குறைத்து உடம்பை வருத்தினால், முதலில் மாதவிலக்கு தவறும். "நல்லதாப் போச்சு, தொந்தரவு இல்லை" என்று விட்டுவிடக் கூடாது. எலும்பு பலம் சேர்க்கிற வயதில் பலம் இழக்கிறது என்பதற்கு அது எச்சரிக்கை. மூன்று மாதம் தொடர்ந்து வராவிட்டால் கட்டாயம் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இன்னும் இரண்டு சங்கதி. குஸ்திக்காரர்களுக்குத் தோல் வியாதி சுலபமாகத் தொற்றும். படர்தாமரை, சீழ்க்கொப்புளம் எல்லாம். அதனால் போட்டிக்கு முன் தோலைப் பரிசோதிக்கிறார்கள். மெத்தையைக் கிருமிநாசினி போட்டுத் துடைக்கிறார்கள். ஆட்டம் முடிந்தால் உடனே குளியல். ஒருத்தி துண்டை இன்னொருத்தி தொடக் கூடாது. அடுத்தது காது. தேய்ந்து அடிபட்டு, காது மடலுக்குள் ரத்தம் கட்டினால் உடனே டாக்டர் அதை வெளியேற்ற வேண்டும். விட்டுவிட்டால் காலிஃபிளவர் மாதிரி கெட்டியாகி அப்படியே நின்றுவிடும். அங்கே வயதான ஆண்கள் பல பேருக்கு அந்தக் காதைப் பார்த்தேன். அதைப் பெருமையாகக்கூட நினைக்கிறார்கள்!

சீடார் ராப்பிட்ஸில்

ஜனவரியில் சைபருக்குக் கீழே இருபது டிகிரி குளிர். ஜன்னலுக்கு வெளியே உலகமே உறைந்து கிடந்த நாளில் பேத்தி பிறந்தாள். அப்புறம் எனக்குப் பத்தியச் சாப்பாடும், குழந்தை குளிப்பாட்டலும், மூட்டை மூட்டையாகத் துணி மடிப்பதுமாகப் பொழுது போயிற்று. இடுப்பு வலிக்கிறது, முதுகு வலிக்கிறது என்று என் பெண் முனகும்போதெல்லாம், அந்தக் குஸ்திப் பெண்களின் முதுகும் தோளும்தான் ஞாபகம் வரும். பிள்ளை பெற்று, தூக்கி, இறக்கி, குனிந்து, நிமிர்ந்து காலம் தள்ள வேண்டியவளுக்கு உடம்பில் பலம் சேர்த்துக் கொடுக்க நாம் என்ன செய்கிறோம்? சமையல் சொல்லிக் கொடுக்கிறோம், பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறோம். பலத்தைப் பற்றி நினைப்பதுண்டா?

ஊர் திரும்புமுன், மார்ச் மாதம், பெண்கள் கல்லூரி தேசியப் போட்டி நாற்பது கிலோமீட்டர் தள்ளி சீடார் ராப்பிட்ஸ் நகரத்தில் நடந்தது. "நீங்க ஒரு நாள் போயிட்டு வாங்க அத்தை, குழந்தையை நான் பார்த்துக்கறேன்" என்று மாப்பிள்ளையே அனுப்பிவைத்தார். பக்கத்து வீட்டுக்காரர்களோடு போனேன். ஒரே கூடத்தில் பல மெத்தைகள். ஒரே சமயத்தில் பல ஜோடிகள் மோதுகிறார்கள். எங்கே பார்ப்பது என்று கண் அலைகிறது. இலினாய் மாநிலத்து மெக்கெண்ட்ரீ, நார்த் சென்ட்ரல் என்று வருஷக்கணக்காக அணி நடத்திய சின்னக் கல்லூரிகளெல்லாம் வந்திருந்தன. அவர்கள்தான் அதுவரை சாம்பியன்கள். அவர்களுக்கு நடுவே, முதல் வருஷமே சாம்பியன் பட்டத்தைத் தட்டிக்கொண்டு போனது அயோவா! 2025லும் மறுபடி அவர்களுக்கே. பாரிஸில் 76 கிலோவில் வெள்ளி வாங்கிய கென்னடி பிளேட்ஸ் அந்தப் பருவத்தில் அயோவாவுக்காக மோதினார்.

அன்றைக்குக் கப்பைவிட எனக்கு மனதில் நின்றது, தோற்றவர்களின் பெற்றோர்கள்தான். ஒரு தகப்பனார், அழுதுகொண்டு வந்த பெண்ணுக்கு முதலில் ஒரு வாழைப்பழத்தை உரித்துக் கொடுத்தார். பேசவே இல்லை. அவள் தின்று முடிக்கும்வரை பக்கத்தில் நின்றார்.

அமெரிக்கப் பள்ளிகளில் 1994ல் குஸ்தி பழகிய பெண்கள் சுமார் 800 பேர்தான். 2023-24ல் 60,000க்கும் மேல்! அயோவாவில் 2019ல் பெண்களுக்கென்று முதல் மாநிலப் போட்டி நடந்தபோது வந்தவர்கள் நூறு பேருக்கும் குறைவு. 2023 பிப்ரவரியில் பள்ளிப் பெண்கள் விளையாட்டுச் சங்கமே அதிகாரபூர்வமாக நடத்தியது. 2025 ஜனவரியில், கல்லூரி விளையாட்டுகளையெல்லாம் நிர்வகிக்கும் தேசிய சங்கமான என்.ஸி.ஏ.ஏ., பெண்கள் குஸ்தியைத் தன் 91வது சாம்பியன்ஷிப்பாக ஏற்றுக்கொண்டது. முதல் போட்டிக்கு 2026ஐக் குறித்து, அயோவா சிட்டியை ஒட்டிய கோரல்வில்லையே இடமாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2011ல் தொட ஆளில்லாமல் ஜெயித்த அந்தப் பெண் இன்றைக்குப் பள்ளியில் இருந்தால், அவளோடு மோத ஆயிரம் பெண்கள் வரிசையில் நிற்பார்கள்.

அனுப்புகிற தாய் கேட்க வேண்டியது

அரசனுக்கே மாமல்லன் என்று பட்டம் சூட்டி, கடற்கரை ஊருக்கும் அந்தப் பெயரை வைத்தவர்கள் நாம். மல்யுத்தம் நமக்கு அந்நியம் இல்லை. 2016 ரியோ ஒலிம்பிக்கில் சாக்ஷி மாலிக் வெண்கலம் வாங்கியபோது நாமும்தான் கொண்டாடினோம். ஆனால் நான் அயோவா போன அதே 2023ல், அந்த சாக்ஷியும் வினேஷும் தில்லி ஜந்தர் மந்தர் வீதியில் உட்கார்ந்திருந்தார்கள். சம்மேளனத் தலைவர் மேல் பாலியல் தொல்லைப் புகார் சொல்லி, நீதி கேட்டு. டெலிவிஷனில் அதைப் பார்த்த எத்தனை தாய்மார்கள் "நமக்கெதுக்கு வம்பு" என்று பெண்ணின் பையை வாங்கி உள்ளே வைத்திருப்பார்கள்!

அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. ஆனால் பெண்ணை வீட்டுக்குள் நிறுத்திவிட்டால் நஷ்டப்படுவது அவள்தான். ஆகையால், கபடியோ, ஜூடோவோ, குஸ்தியோ, எதற்கு அனுப்பினாலும் நாம் விசாரிக்க வேண்டியது சில உண்டு.

பயிற்சி கொடுக்கிறவர் யார்? பெண் பயிற்சியாளர் ஒருத்தராவது கூட இருக்கிறாரா? நாம் எந்த நாள், எந்த வேளை போனாலும் உள்ளே உட்கார்ந்து பார்க்கலாமா? "பெற்றோர் வரக் கூடாது" என்றால், அங்கே அனுப்ப வேண்டாம். வெளியூர்ப் போட்டிக்குப் போனால் யாரோடு, எங்கே தங்குகிறார்கள்? தப்பு நடந்தால் புகார் சொல்ல, அந்தப் பயிற்சியாளருக்குக் கட்டுப்படாத ஒருவர் இருக்கிறாரா? எடையைக் குறை என்று சொன்னால், எவ்வளவு, எத்தனை நாளில், எந்த டாக்டர் பார்த்து? பெண் சாப்பிடுகிறாளா, தூங்குகிறாளா, மாதவிலக்கு சரியாக வருகிறதா? கடைசியாக, பள்ளி முடிந்தபிறகு இவளுக்கு எங்கே இடம்? எந்தக் கல்லூரியில் விளையாட்டுக்கு ஒதுக்கீடு, உதவித்தொகை உண்டு? இதை ஒன்பதாம் வகுப்பிலேயே கேட்டுவைக்க வேண்டும்.

சுன் அவர்கள் கட்டிய குடித்தனத்தைப் பார்த்தபோது எனக்குப் பட்டது இதுதான். ஹவாய்ச் சிறுமி ஒருத்திக்கு 1998ல் ஒரு தனிப் போட்டியும், அதன்பின் ஒரு சின்னக் கல்லூரியும் கிடைத்தன. கிடைத்ததை அவர் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை. இன்னும் பெரிசாகக் கட்டி அடுத்தவர்களுக்குக் கொடுத்தார். 2024ல் ஆண்கள், பெண்கள் இரண்டு அணிக்குமாக ஒரு புதுப் பயிற்சிக்கூடமும் அங்கே திறந்தார்கள்.

உங்கள் ஊரிலும் பெண்கள் பழகுகிற இடம் ஒன்று இருக்கும். ஸ்டேடியமோ, பள்ளி மைதானமோ, பழைய கொட்டகையோ. ஒரு சாயங்காலம் சமையலைச் சீக்கிரம் முடித்துவிட்டு, பெண்ணை அழைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். வாசலோடு விசாரித்துவிட்டுத் திரும்பாதீர்கள். உள்ளே போய், ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு வாருங்கள்.